தெர்மாகோல் மூடியில் எழுதிய எண்

குதிரையில் ஏற்றுவதற்கு முன் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கீழே விழுந்தாலும் கைகால் முறிந்தாலும் தாங்கள் பொறுப்பல்ல என்று ஏழெட்டு வரிகள். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை இருந்தது. பேனாவை எடுத்து அவற்றைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு வருடமாக ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். நிருபர்கள் அனுப்புவதைத் திருத்துவதும் வெட்டுவதும் தலைப்புப் போடுவதும் வேலை. வெளியே போய்ச் செய்தி சேகரித்தது மிகக் குறைவு. தாளின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அது இப்போதும் என்னிடம் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியது அதன் பின்பக்கத்தில் இருக்கிறது.

ஏற்பாடு மச்சினனுடையது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். முகப்பேரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான். கடற்கரைக்கு ஜீப்பில் போய் அங்கே குதிரைச் சவாரி என்ற விளம்பரத்தைப் பார்த்து, என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு இடம் பிடித்திருந்தான். ஒரு ஞாயிறு விடியலில் பூந்தமல்லியில் ஜீப் எங்களை ஏற்றிக்கொண்டது. வெளிவட்டச் சாலையில் மீஞ்சூர் வரை வழுக்கிக்கொண்டு போனது. பிறகு வடக்கே திரும்பிக் கிளைச்சாலை, அதற்குப் பிறகு சவுக்குத் தோப்பு, மணல் பாதை. தலை மேற்கூரைக் கம்பியில் இடிக்கும்போதெல்லாம் மச்சினன் சிரித்தான். தோப்பு முடிகிற இடத்தில் குதிரைகளை ஒரு மினி லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கிடைத்தது பழுப்புக் குதிரை. குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தார். ஜீப் எங்களுக்கு இணையாக, அலை நனைத்த கெட்டி மணலில் மெதுவாக வந்தது. மச்சினன் அதில் நின்றபடி கைப்பேசியில் படம் எடுத்தான்.

"மாமா, ராஜா கணக்கா கீறீங்க. முதுக மட்டும் நிமித்துங்க."

கையை நீட்டி வாங்கிப் பார்த்தேன். ஜீப் கடல் பக்கம் இருந்ததால் எனக்குப் பின்னால் சவுக்குத் தோப்பும் மினி லாரியும்தான் விழுந்திருந்தன. கடலே இல்லை. பத்திரிகைக்குப் படம் தேர்ந்தெடுக்கிறவனுக்கு இது தாங்காது. ஜீப் மேட்டுப் பக்கம் வந்தால் கடல் பின்னணியில் விழும். சூரியன் எதிரில் இருப்பதால் முகம் தெரியாது. ஆனால் குதிரையும் ஆளும் கறுப்பு உருவமாக நன்றாக வரும். ஓட்டுநரிடம் மேட்டுப் பக்கம் வரச் சொன்னேன்.

"அந்தாண்ட வாணாம் சார். மீன் காயுது" என்றார் ஓட்டுநர்.

நானும் பார்த்தேன். உலர்ந்த மணலில் ஒரு வலையை விரித்து, அதன்மேல் நெத்திலியைப் பரப்பியிருந்தார்கள். இரண்டு கட்டில் அகலம், நாலு கட்டில் நீளம் இருக்கும். சாம்பல் நிறத்தில் பளபளத்தது.

"ஓரமாத்தான, வாங்க" என்றேன்.

படம் எடுத்தாயிற்று. நன்றாக வந்திருக்கிறது என்று மச்சினன் கட்டைவிரலைக் காட்டினான். ஓட்டுநர் வண்டியைத் திருப்பும்போது பின்சக்கரம் மணலில் புதைந்தது. அவர் முடுக்கினார். சக்கரம் வலையின் ஓரத்தைக் கவ்வியது. ஜீப் மணலிலிருந்து எழும்பி முன்னால் பாய்ந்தபோது வலையும் கூடவே போனது. ஒரு விரிப்பை மூலையைப் பிடித்து உருவினால் எப்படியோ அப்படி. பத்தடி தூரம். மீன் முழுவதும் புரண்டு மணலுக்குள் போயிற்று.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அது சத்தமாகவே வந்தது. குதிரைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

படகுகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. அவர் மீனைப் பார்க்கவில்லை. நேரே ஜீப்பின் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் அதன் மூக்கில் ஊன்றிக்கொண்டார்.

"இன்னா சார், கண்ணு தெர்ல? ரெண்டு நாளு காய வெச்சது. இன்னிக்கி அள்ளிகினு போறதா இருந்தேன்."

ஓட்டுநர் இறங்கிக் கும்பிட்டார். மச்சினன் பர்ஸை எடுத்தான்.

"காசு வாணாம். உள்ள வை. போன வாரம் ஒருத்தன் குட்த்தான், அதுக்கு மின்ன வாரம் ஒருத்தன் குட்த்தான். காச வெச்சிகினு இன்னா பண்றது, காயப் போட வேற மணலா கீது எங்களுக்கு? தலைவரு வரட்டும். வண்டி இங்கியே நிக்கட்டும்."

வேறு சில பெண்களும் வந்து சுற்றி நின்றார்கள். வலை இழுத்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள் கயிற்றை விட்டுவிட்டு இந்தப் பக்கம் நடந்துவந்தார்கள். எனக்கு மதியம் அலுவலகம் இருந்தது. ஊர்த் தலைவர் வந்து, விசாரித்து, என் பெயரைக் கேட்டு, அது எங்கேயாவது போய்ச் சேர்வதை நினைத்துப் பார்த்தேன். குதிரையிலிருந்து இறங்கினேன். இறங்கும்போதே கை பின்பாக்கெட்டுக்குப் போய்விட்டது. போக்குவரத்துக் காவலர் வண்டியை மறித்தால் அது தானாகவே போகும்.

"நான் பத்திரிகையிலேர்ந்து வர்றேன்" என்று அடையாள அட்டையைக் காட்டினேன்.

அவருடைய கைகள் ஜீப்பை விட்டன. நான் எதிர்பார்த்தது அது. எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது.

"பேப்பரா?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "இத்தப் பாக்கத்தான் வந்தியா? மொதல்லியே சொல்லக் கூடாதா சார். எம்மா, இங்க வாங்க, பேப்பர்லேர்ந்து வந்துகீறாரு."

அந்த நேரத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஐந்து விநாடி அவகாசம் இருந்தது. மச்சினன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, பேனா மூடியைக் கழற்றினேன்.

அவர்கள் சொன்னார்கள், நான் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜீப்புகள் வருகின்றன. காயவைக்கிற மணலிலேயே ஓட்டுகிறார்கள். குதிரைச் சாணி மீனில் கிடக்கிறது. ஓரமாய்ப் போங்கள் என்றால் கடற்கரை யாருக்கும் சொந்தமில்லை என்கிறார்கள். காவல் நிலையத்தில் சொல்லியாயிற்று, தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தாயிற்று. நான் கேள்விகளும் கேட்டேன். எத்தனை வருடமாக? எத்தனை பேர் இங்கே காயவைக்கிறீர்கள்? மனு யார் கையில் கொடுத்தீர்கள்? நல்ல கேள்விகள். ஒரு நிருபரை அனுப்பியிருந்தால் இவற்றைத்தான் கேட்கச் சொல்லியிருப்பேன். ஒரு பெண் டீ கொண்டுவந்தார். குடித்தேன்.

"பேப்பர்ல வந்தாத்தான் சார் கேப்பாங்கோ" என்றார் ஜீப்பை மறித்த பெண். "நீ நம்பர் குடு. இனிமே வண்டி வந்தா ஒடனே ஒனக்குப் போன் போட்டுச் சொல்றேன்."

அவர் கையில் கைப்பேசி இல்லை, வீட்டில் இருந்தது. மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டியின் மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் பேனாவைக் கேட்டார். கொடுத்தேன். எண்ணைச் சொன்னேன். ஒன்பது இலக்கங்களைச் சரியாகச் சொன்னேன். என் எண்ணின் கடைசி இலக்கம் நான்கு. ஏழு என்றேன்.

பேனா முனை தெர்மாகோலில் அழுந்தி, ஒவ்வொரு இலக்கமும் குழியாக விழுந்தது. எழுதி முடித்ததும் மூடியை என் பக்கம் திருப்பினார்.

"சரியா கீதா பாத்துக்க சார்."

பார்த்தேன். பிழை பார்க்கிறவன் பார்ப்பதுபோல இடமிருந்து வலமாக ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்தேன்.

"சரியா இருக்கும்மா" என்றேன்.

பேனாவை முந்தானையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். ஜீப் கிளம்பும்போது பக்கத்தில் வந்து, "ஒன்னப் போயித் திட்டிட்டேன். மன்சுல வெச்சிக்காத சார்" என்றார்.

வெளிவட்டச் சாலையில் ஏறியதும் மச்சினன் தொடையில் தட்டினான். "ஒரே கார்டு, மொத்தக் கூட்டமும் கப்சிப். நீங்க வேற லெவல் மாமா." வீட்டிலும் இதை நடித்துக் காட்டினான். என் மனைவி சிரிக்கவில்லை. "எழுதப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "பார்க்கலாம்" என்றேன். அன்று இரவு அந்தப் படத்தை வாட்ஸ்அப் முகப்பில் வைத்தேன். கீழே இடது மூலையில் சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது. அதை வெட்டிவிட்டு வைத்தேன்.

நான்கு மாதங்கள் போயின. ஒரு நாள் எங்கள் பத்திரிகையில் கண் பரிசோதனை முகாம் அறிவிப்பு ஒன்றில் தொலைபேசி எண் ஓர் இலக்கம் மாறி அச்சாகிவிட்டது. யாரோ ஒரு பெரியவரின் வீட்டுக்கு நாள் முழுவதும் அழைப்புகள். அவர் எங்களைக் கூப்பிட்டுக் கத்தினார். மறுநாள் பதிப்புக்கு இரண்டு வரித் திருத்தம் எழுதும் வேலை எனக்கு வந்தது. எழுதி, வருந்துகிறோம் என்று முடித்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போய் என் எண்ணையே, கடைசியில் ஏழு போட்டு, அழைத்தேன்.

ஒரு பெண் எடுத்தார். தையல் இயந்திரச் சத்தம் கேட்டது. கடற்கரையிலிருந்து யாராவது அழைத்தார்களா என்று கேட்டேன். சத்தம் நின்றது.

"நீங்கதான் அந்தப் பேப்பர்காரரா?" என்றார். திண்டுக்கல்லிலிருந்து பேசினார். "வாராவாரம் அந்தக்கா கூப்பிடுது சார். ராங் நம்பருக்கான்னு சொன்னா நம்பவே மாட்டேனுச்சு. நான் உங்க சம்சாரம், உங்ககிட்டக் குடுக்காம மறைக்கிறேன்னு என்னையப் புடிச்சுத் திட்டிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன செய்ய? பாவமா இருந்துச்சு. சொல்லுக்கா, எழுதி வைக்கிறேன்னுட்டேன். என்னைக்காவது நீங்க கேட்டு வந்தாக் குடுக்கலாம்ல. காலண்டர்த் தாள் பின்னாடி எழுதியிருக்கேன். படிக்கட்டா?"

படித்தார். எந்த ஞாயிறு, எத்தனை ஜீப், எத்தனை குதிரை, யாருடைய மீன், மதியத்துக்கு முன்னா பின்னா. எதுவும் விடுபடவில்லை. சவாரித் தாளின் பின்பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் எழுதிக்கொண்டேன். தான் கடலை வாழ்க்கையில் இரண்டு முறைதான் பார்த்திருப்பதாகவும் நெத்திலி மணலில் காய்வது இப்போதுதான் தெரியும் என்றும் சொன்னார்.

"நம்பர் எப்படி சார் மாறிச்சு? அந்தக்கா தப்பா எழுதிருச்சோ?"

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

சரியான எண்ணை அவரிடம் கொடுத்தேன். கடற்கரையில் இருப்பவருக்குத் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

மீஞ்சூர்ப் பகுதி நிருபரிடம் குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுத்தேன். அவர் போய், இரண்டு நாளில் செய்தி அனுப்பினார். அது என் கணினிக்கே வந்தது. சுத்தமான பிரதி, திருத்த அதிகமில்லை. கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம் இருந்தது: சில மாதங்களுக்கு முன் ஒரு ஜீப் வலையோடு மீனை இழுத்துச் சென்றதில் ஒரு பெண்ணின் இரண்டு நாள் உழைப்பு மணலானது. அதில் வந்தவர் யார் என்று எழுதவில்லை. அந்தப் பெண் சொல்லியிருக்க மாட்டார். அவருடைய கணக்கில் நான் அன்று விஷயத்தைப் பார்க்க வந்தவன். பக்கத்தில் அடங்காமல் இரண்டு வரி அதிகமாக இருந்தது. வெட்டுவதற்கு வேறு வாக்கியங்களும் இருந்தன. இதை வெட்டினேன்.

செய்தி வந்த பிறகு சவுக்குத் தோப்புப் பாதையின் குறுக்கே பள்ளம் தோண்டிவிட்டார்கள். ஜீப்புகள் நின்றுவிட்டன. குதிரைகள் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வருகின்றன.

இதெல்லாம் எனக்குத் தெரிவது அந்தக் கடற்கரைப் பெண் சொல்லித்தான். பள்ளம் வெட்டிய அடுத்த ஞாயிறு காலை அவர் அழைப்பு வந்தது. முகப்பேரில் பால்கனியில் நின்று பேசினேன். பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

"பேப்பரப் பட்ச்சிக் காட்னாங்க சார். எல்லாம் வந்துகீது. அன்னிக்கி என் வல போச்சில்ல, அது மட்டும் வர்ல."

"எடம் இல்லம்மா" என்றேன்.

"பரவால்ல சார், ஜீப்பு நின்னுச்சே, அதுவே பெர்சு." கொஞ்சம் தயங்கினார். "நாந்தான் நம்பரத் தப்பா எழுதிகினு, அந்தத் திண்டுக்கல்லு பொண்ண வேற படுத்தி, ஒன்னியும் அலைய வுட்டேன். இன்னா பண்றது, நமக்கு அவ்ளோதான் படிப்பு."

அப்போது உள்ளே மனைவி காபி கலக்கிக்கொண்டிருந்தாள். நான் பேசுவது அவளுக்குக் கேட்கும். "அதனால என்னம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திருத்தம் எழுதுவதில் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிழை எங்கே நேர்ந்தது என்பதை மட்டும் சொல்லுவோம், யாரால் என்பதைச் சொல்ல மாட்டோம். இங்கே இரண்டையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மூடியில் அவர் எழுதிய பத்து இலக்கங்களில் ஒன்றுகூடத் தவறில்லை. நான் ஏழு என்று சொன்னேன், அவர் ஏழு என்று எழுதினார்.