தொப்பூர் கேமராவில் பதிந்த படம்

கோயில் விபூதியை மடிக்கிற மாதிரி, கிழித்த நாட்காட்டித் தாளில் அந்தப் பென் டிரைவை மடித்து, சட்டைப் பைக்குள் வைத்து, பையின் வாயில் ஒரு ஊக்கும் குத்திக்கொண்டு வந்திருந்தார் மாமா. இடது காலில் முட்டிவரை மாவுக்கட்டு. அக்குளில் கட்டை. பாப்பாரப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, காரிமங்கலம் சந்தைக் கூட்டத்தைத் தாண்டி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர், தண்ணீர்கூடக் கேட்கவில்லை. ஊக்கைக் கழற்றி, தாளைப் பிரித்து, அதை என் கையில் வைத்தார். “பாப்பா, இதுக்குள்ளாறதான் என் மானம் இருக்குது. எப்படியாச்சும் தெறந்து காட்டு” என்றார்.

என் அம்மாவுக்கு மூத்த அண்ணன் அவர். முப்பது வருசம் லாரி ஓட்டியவர். நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வைத்துத் தட்டித் தடவி நானாகவே கற்றுக்கொண்டு, வீட்டிலிருந்தபடி பட்டா மனு, பென்சன் மனு என்று அடித்துக் கொடுப்பேன். அதனால் சொந்தபந்தம் எல்லோருக்கும், கம்ப்யூட்டர் என்றால் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைப்பு. மனு எழுத வருகிறவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனிதர்கள் மேல் ஒரு பித்து உண்டு. அதற்கு விதை போட்டவர் மாமாதான். வண்டி ஓட்டிவிட்டு வந்தால் மூன்று நாளைக்குப் பேசுவார். “லாரிக்காரனுக்கு வழி நெடுக சொந்தம் பாப்பா. எங்க பஞ்சரானாலும் எங்கிருந்தோ ஒரு கை வரும்” என்பது அவர் அடிக்கடி சொல்வது. அந்தப் பேச்சை நம்பி வளர்ந்தவள் நான்.

பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு சேலம் பக்கம் போகும்போது, தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்துவிட்டது. பட்டப்பகல், காலை பத்து மணி. ஒரு கார் இடது பக்கமாக முந்தி வந்து, குறுக்கே திரும்பி, பிரேக் போட்டது என்றார் மாமா. அந்தக் கார் நிற்காமல் போய்விட்டது. பார்த்த சாட்சி யாரும் இல்லை. லாரி ஓனரோ, “தூங்கிட்டான்” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். இன்சூரன்ஸ் சர்வேயரும் அதையே எழுதிக்கொண்டார். லாரித் தொழிலில் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டால் அப்புறம் யாரும் சாவியைக் கையில் தரமாட்டார்கள். “தூங்கிட்டான்னு ஒரு தடவ பேரு வந்துட்டா, கண்ண முழிச்சிக்கிட்டு நின்னாலும் அவன் தூங்கறவன்தான்” என்றார் மாமா. இறக்கத்தின் அடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அம்மா ஒருத்தர், தன் கடைக் கேமரா ரோட்டைப் பார்த்த மாதிரி இருப்பதால் அதில் எல்லாம் பதிந்திருக்கும் என்று சொல்லி, அந்த அரை மணி நேரத்தைக் காப்பி எடுத்துக் கொடுத்திருந்தார். அதுதான் அந்த நாட்காட்டித் தாளுக்குள் வந்தது.

நான் அதைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்து, இரண்டு தடவை தட்டினேன். இந்த வகை வீடியோ இதில் ஓடாது என்று ஒரு கட்டம் வந்து நின்றது. கேமராப் பெட்டி செய்கிற கம்பெனிக்காரன் தனக்கென்று ஒரு வகையில் பதிந்து வைப்பானாம். அது நம் கம்ப்யூட்டருக்குப் புரியாதாம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கோப்பின் பெயருக்குக் கடைசியில் இருந்த மூன்று எழுத்தை அழித்துவிட்டு, எம்பி4 என்று மாற்றி வைத்தேன். ஓடவில்லை. வேறு மூன்று எழுத்து வைத்தேன். அதுவும் ஓடவில்லை. மாமா என் தோளுக்குப் பின்னால் கட்டையை ஊன்றிக்கொண்டு, “நம்பர் பிளேட்ட மாத்தினா லாரி காராயிடுமா பாப்பா?” என்றார். சிரித்தோம். அந்த விசயத்தில் நான் சிரித்தது அதோடு சரி.

அப்புறம் இண்டர்நெட்டில் தேடினேன். அந்தச் சாக்கடையை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது. எல்லா வீடியோவையும் ஓட்டும் என்று ஒரு பக்கம் சொன்னது. அதில் பச்சைப் பொத்தான்கள் ஏழெட்டு. எது உண்மையான பொத்தான் என்று தெரியாது. ஒன்றைத் தட்டினால் உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று அலறியது. இன்னொன்றைத் தட்டினால், காலுடைந்த பெரிய மனிதர் பக்கத்தில் இருக்கும்போது, அரைகுறைத் துணியோடு ஒருத்தி திரையின் ஓரத்தில் வந்து கண்ணடித்தாள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எதையோ இறக்கி, எதையோ நிறுவி, கடைசியில் கம்ப்யூட்டரைத் திறந்தாலே சூதாட்ட விளம்பரம் வருகிற நிலைமைக்குக் கொண்டுவந்தேன். வீடியோவை ஏற்றினால் மாற்றித் தருகிறோம் என்றது இன்னொரு பக்கம். பாதி நாள் காத்திருந்து ஏற்றினேன். கறுப்புத் திரைக்கு நடுவே தன் பெயரை மட்டும் பெரிதாகப் போட்டுத் திருப்பி அனுப்பினான் அந்தப் பக்கத்தை நடத்துகிறவன். ஒரு மனிதன் தன் மானத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிற இடத்தில்கூட இப்படிக் கடை விரிக்கிறார்களே என்று அருவருப்பாக இருந்தது.

வேறு வழியில்லாமல், கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் பென் டிரைவைக் கொடுத்தோம். அவரிடம் எல்லா வகையையும் திறக்கிற சாமான் இருந்தது. நான்கு நாளில் கூப்பிட்டார். மாமாவும் அத்தையும் நானும் போய் உட்கார்ந்தோம். திரையில் முதலில் ரோஜா இதழ்கள் கொட்டின. அதற்குள்ளிருந்து மாமாவின் பெயர் சுழன்று வந்தது. மாமாவின் லாரி வளைவில் திரும்பியது. வெள்ளைக் கார் குறுக்கே வந்தது. லாரி மலைப் பக்கமாகத் திரும்பிச் சாய்ந்தது. உடனே அதே காட்சி மெதுவாக இன்னொரு தடவை, அதைவிட மெதுவாக மூன்றாம் தடவை. பின்னால் வயலின் அழுதது. லாரி சாயும் இடத்தில் திரை ரத்தச் சிவப்பாகி, கண்ணாடி மாதிரி உடைந்து சிதறியது. அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

“சும்மா மாத்திக் குடுத்தா நல்லாவா இருக்கும்க்கா? அதான் கொஞ்சம் வேல செஞ்சிருக்கறன். பின்னாடி இருந்ததெல்லாம் ஒரே போருங்க, சும்மா ஜனங்க நடமாட்டம். வெட்டிட்டேன்” என்றார் ஸ்டுடியோக்காரர், பாராட்டை எதிர்பார்த்த முகத்தோடு. தன் வேலைத்திறனைக் காட்ட அதைத் தன் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸிலும் போட்டிருந்தார். கல்யாணமோ காதுகுத்தோ எழவோ, எதை எடுத்து வந்தாலும் ஒரே ரோஜாவைக் கொட்டுகிற கை அது. கெட்ட மனிதர் என்றும் சொல்ல முடியாது. அதனால் சண்டை போடவும் முடியவில்லை.

சர்வேயர் அதைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது சாட்சியா, சினிமாவா? வெட்டாத, ஒட்டாத படம் இருந்தா கொண்டாங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பென் டிரைவில் இருந்த மூலப் படத்தை ஸ்டுடியோக்காரர் அழித்துவிட்டுத்தான் தன் ரோஜாப்பூவை ஏற்றியிருந்தார். தொப்பூர்க் கடைக்கு ஓடினேன். “பெட்டி பத்து நாளைக்குத்தாம்மா வெச்சிருக்கும். பழச அழிச்சிட்டுப் புதுச எழுதிக்கும்” என்று கையை விரித்தார் கடைக்காரம்மா. அப்படியானால் மிச்சம் இருப்பது என் கம்ப்யூட்டரில், நான் பெயரைக் குதறி வைத்த அந்த ஒன்றுதான். கடைக்காரம்மா, கேமரா மாட்டியவரைப் போனில் பிடித்துக் கொடுத்தார். அவர் சொன்னதைக் கேட்டதும் அழுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. “அந்தப் பெட்டியிலயே அதுக்கான பிளேயர் இருக்குதுங்க. காப்பி எடுக்கறப்ப அதையும் சேத்து எடுத்திருந்தா அன்னிக்கே ஓடியிருக்கும். பேர மாத்தினதால உள்ள இருக்கறது கெடாது. பழைய பேர வெச்சிட்டுத் தெறங்க.” ஒரு சின்னப் பிளேயர். அது தெரியாமல் மூன்று வாரம் சாக்கடையில் கை விட்டுத் துழாவியிருக்கிறேன்.

அந்தப் பிளேயரைக் கடைப் பெட்டியிலிருந்து பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பெட்டியில் பார்த்து வைத்த மூன்று எழுத்தைத் திரும்பப் போட்டேன். அந்தப் பிளேயரில் திறந்தேன். ஓடியது. சத்தம் இல்லாத படம், மூலையில் மணி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். கார் குறுக்கே வருகிறது. மாமா அதன் மேல் ஏற்றாமல் மலைப் பக்கம் ஒடிக்கிறார். லாரி சாய்கிறது. கைதட்டினேன். மாமாவைக் கூப்பிடப் போனை எடுத்தேன். படம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது மாமா, தன்னைப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னது இது: “கேபினுக்குள்ளாற கால் மாட்டிக்கிச்சி. தலகீழா கெடக்கறன். ஆனா திமுதிமுன்னு ஜனங்க ஓடியார காலடிச் சத்தம் கேட்டுச்சி பாரு, அப்பவே பாதி உசுரு வந்துட்டுது.”

ஜனங்கள் ஓடித்தான் வந்தார்கள். கேபினைத் தாண்டி ஓடினார்கள். ரோடு முழுக்கக் கொட்டிக் கிடந்த தக்காளிக்கு. பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டில் அள்ளினான் ஒருவன். ஒருவர் வேட்டியை மடித்து மடியில் கட்டினார். ஒரு காரிலிருந்து இறங்கிய பெண், கட்டைப்பையைப் பிரித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, சந்தையில் பொறுக்குவது மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்து, நசுங்கியதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதைப் பைக்குள் வைத்தாள். அவள் தூக்கிப் போட்ட ஒன்று கேபின் கதவில் பட்டு வழிந்தது. அந்தக் கதவுக்குள் என் மாமா இருந்தார். ஒருவன் கிட்டே போய்க் குனிந்து உள்ளே பார்த்தான். நிமிர்ந்தான். போனை எடுத்து வீடியோ பிடித்தான். பிறகு அவனும் போய் அள்ளினான். மூலையில் இருந்த மணிப்படி, மேட்டில் ஏறி வந்த வேறொரு லாரியின் டிரைவர்கள் இரண்டு பேர் இறங்கிக் கதவை நெம்பியது இருபத்திரண்டு நிமிடம் கழித்து. சாப்பாட்டுக் கடை அம்மா தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்ததும் அப்போதுதான். மாமாவைக் கூப்பிட எடுத்த போனைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் மாமா வந்தார். உட்கார வைத்து, தொடக்கத்திலிருந்து ஓட்டினேன். கார் வந்தது. மாமா நாற்காலியின் கையை ஸ்டீயரிங் மாதிரி பிடித்து இடது பக்கம் ஒடித்தார். லாரி சாய்ந்ததும் நான் நிறுத்தினேன். “அவ்வளவுதான் மாமா. ஓனரும் சர்வேயரும் இத மட்டும் பாத்தாப் போதும்.” படம் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற, திரையின் அடியில் இருந்த கோட்டை மாமா விரலால் தொட்டார். முப்பது வருசம் தூரத்தை அளந்த கண். “இன்னும் ரோடு நெறைய இருக்குதே பாப்பா?”

“அது சும்மா காட்டுது மாமா. இந்தக் கம்ப்யூட்டர்ல இதுக்கு மேல ஓடாது” என்றேன். எத்தனை இடத்தில், எத்தனை தடவை என் முகத்தில் அடித்த வார்த்தை அது. அன்றைக்கு நான் அதைச் சொன்னேன். மாமா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “ஓடாட்டிப் போவுது வுடு. அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தெரியுமே. ஜனங்க ஓடியாந்தாங்க” என்று கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

சர்வேயர் ஒத்துக்கொண்டார். ஓனர் சாவியைத் திரும்பக் கொடுத்தார். மாமா இன்னும் சில வருசம் ஓட்டினார். போன வருசம் காமாலையில் போய்ச் சேர்ந்தார்.

சென்ற மாதம் அத்தை வந்திருந்தாள். இப்போது என்னிடம் புதுக் கம்ப்யூட்டர். எதைத் தட்டினாலும் ஓடுகிறது. “அவரு வண்டி ஓட்டற மாதிரி படம் அது ஒண்ணுதான் இருக்குதாமே, போடேன் பாப்பா” என்றாள். போட்டேன். லாரி வளைவில் திரும்பியது. கார் வருவதற்கு முன்பே அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதோட நிறுத்திடு. அதுக்கப்புறம் என்னான்னு எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும் அத்தை?”

“உன் படத்துல சத்தம் இல்ல. அவரு காதுல சத்தம் இருந்துச்சே. ‘கேபினுக்குள்ள ஆளு இருக்குது’ன்னு ஒருத்தன் சொன்னானாம். ‘போலீஸு வர்றதுக்குள்ள அள்ளு, நல்லதா பாத்து எடு’ன்னு ஒருத்தி சொன்னாளாம். என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. சாவற வரைக்கும் தட்டுல தக்காளி பட்டா ஓரமா ஒதுக்கி வெச்சிடுவாரு. ‘பாப்பா ஜனங்க மேல உசுரா இருக்குது, அதுக்குத் தெரிய வேணாம்’னாரு.”

அத்தைக்காக அந்தப் படத்தை அவள் போனுக்கு வெட்டிக் கொடுத்தேன். வெட்டத் தெரிந்துகொண்டேன் இப்போது. லாரி வளைவில் திரும்பி நேராக இறங்கி வருகிற வரைக்கும் பதினொரு விநாடி. அதை அவள் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். மிச்சத்தை நான் அழிக்கவில்லை. அதைப் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள் இல்லை.