நடராசா பார்க்க வந்த கந்தோர்

போன கிழமை மதில் கட்டுவதற்கென்று மகன் சீமெந்து இறக்கினான். மூட்டையை வெட்டிக் கொட்டியதும் தூசி எழும்பியது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலக, நான் மட்டும் கிட்டப் போய் நின்றேன். "அப்பா, உங்களுக்கு இழுப்பு வரும், உள்ளுக்குப் போங்கோ" என்று மகன் சத்தம் போட்டான். அவன் சொல்வது சரிதான். ஆனால் அந்த மணத்துக்கு எனக்கு இங்கிலீஷ் சொற்கள் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. முரசுமோட்டைப் பக்கம் வாய்க்கால் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. காலையில் வேலையாட்களின் பெயரைக் கூப்பிட்டுப் பதிவது என் உத்தியோகம். சீமெந்தும் மண்வெட்டியும் வைத்திருந்த களஞ்சியத்துக்கு நடராசா பொறுப்பு. இருவருக்கும் ஒரே தகரக் கொட்டில். அவனுக்கு இருபத்துநாலு வயது, எனக்கு இரண்டு குறைவு.

அந்தக் காலத்துச் சீமெந்துப் பை கடதாசி. நாலு தாள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். நடுத்தாள் இரண்டும் அழுக்கில்லாமல் வரும். நடராசா அதை அளவாக வெட்டி, ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் இங்கிலீஷுமாக ஒரு நாளைக்குப் பத்துச் சொல் எழுதுவான். அரசாங்கக் கிளாக்கர் வேலைக்கு எடுக்கும் எழுதுவினைஞர் சோதனைக்குத்தான். இரண்டு தரம் எழுதித் தவறிவிட்டான். வயதெல்லை காரணமாக அடுத்ததுதான் கடைசி.

மத்தியானம் மருதமர நிழலில் சாப்பாட்டுப் பெட்டியோடு என்னையும் இருத்தி, தாள்களைக் கையில் தருவான். நான் தமிழைச் சொல்ல, அவன் இங்கிலீஷைச் சொல்லவேண்டும். அதற்குக் கூலியாக அவனுடைய அவித்த முட்டையில் பாதி எனக்கு. முட்டைக்காகத்தான் நான் போனேன் என்பதை இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன்.

"நிரந்தரம்?" என்பேன்.

"அது... அது... நில்லடா, சொல்லாத!"

ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லில் மட்டும் தடக்குவான். 'பெர்மனன்ட்' என்று நான் சொல்லிக் கொடுத்தால் கோபம் வரும்.

அவனுடைய தகப்பன் ஸ்கந்தபுரத்தில் அரசாங்கம் கொடுத்த காட்டுக் காணியைத் திருத்தும்போது மரம் விழுந்து செத்தவர். தாய் மட்டும் அங்கே கொட்டில் போட்டு இருந்தா. "காணிக்கு வாவன்" என்று அவா ஆள் விடுவா. "அந்த மண்ணுக்கு அப்பர் ஒருத்தரைக் குடுத்தது காணும். நான் கந்தோரில சுத்திற பங்காவுக்குக் கீழை கதிரையில இருந்து எழுதப் போறன்" என்பான்.

விண்ணப்பம் போடும்போது துணைக்கு என்னையும் போடச் சொன்னான். யாழ்ப்பாணத்துக்குத் தனியே பஸ்ஸில் போக அலுப்பாம். போனோம், எழுதினோம். மண்டபத்தால் வெளியே வந்தவன் முகத்தில் இரத்தமே இல்லை. கட்டுரை தெரிந்த தலைப்பாம். நாலு பக்கம் எழுதிவிட்டு நிமிர்ந்தால் கணக்குக்கு நேரமில்லை.

சோதனை மறுமொழி பேப்பரில் வந்த அன்று, அவன் பேப்பர் வாங்கச் சைக்கிளில் பரந்தன் சந்திக்குப் போனான். நான் வாய்க்கால் கரையில் நின்றேன். தூரத்திலேயே கையை ஆட்டிக்கொண்டு வந்தான். அவன் பாஸ் என்று நினைத்து நான் ஓடினேன்.

"உன்ர நம்பர் கிடக்கு மச்சான்!"

"உன்ர?"

அவன் சைக்கிளை மரத்தில் சாத்தினான். சாத்தி முடிய வெகுநேரம் எடுத்தது.

"என்ரயைத் தேடின இடத்திலதான் உன்ரயைக் கண்டனான்" என்றான்.

நான் கொழும்பு வேலைக்குப் போகமாட்டேன் என்றேன். அவனுக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. "போகாட்டி இனி என்னோட கதைக்காத. விளங்குதோ? ஒருத்தனாவது போ." போகும் அன்று, கந்தோருக்குப் போடவென்று மூன்று வருடத்துக்கு முன்பே வாங்கி வைத்திருந்த கறுப்புச் சப்பாத்தை எடுத்துத் தந்தான். எனக்கு அது இறுக்கம். கொழும்பில் முதல் மாதம் முழுக்க நொண்டினேன்.

அவனுடைய கடிதங்களில் ஒரே கேள்விகள். எத்தனை மேசை? கடதாசிக் கோவைகளை எதால் கட்டுகிறார்கள்? பங்கா உன் தலைக்கு நேரேயா? முதல் இரண்டு கடிதங்களுக்கும் விபரமாகப் பதில் எழுதினேன். பிறகு வேலை கூடிப்போயிற்று என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எழுத வெட்கமாக இருந்தது. அவனுடைய கதிரையில் இருந்துகொண்டு அந்தக் கதிரையைப் பற்றி அவனுக்கே என்ன எழுதுவது?

ஒரு நாள் பியோன் வந்து, ஊரிலிருந்து ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னான். எட்டிப் பார்த்தேன். விறாந்தையில் கிடந்த மர வாங்கில் வெள்ளை வேட்டியோடு, மடியில் பனங்கட்டி நிறைத்த ஓலைக் குட்டானுடன் நடராசா. பெரிய கிளாக்கர் எனக்கு எதிரே இருந்தார். எழும்பினால் என்ன நினைப்பாரோ என்ற பயம். கொஞ்சம் இருக்கச் சொல்லு என்று அனுப்பினேன். கொஞ்சம் என்றது இரண்டு மணித்தியாலம் ஆகிவிட்டது. வெளியே வந்தபோது வாங்கில் குட்டான் மட்டும் இருந்தது.

"ஐயாவைக் குழப்பவேண்டாம் எண்டவர். நீங்கள் எழுதிறதை யன்னலால கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டவர். பாத்தது காணும் எண்டிட்டுப் போட்டார்" என்றான் பியோன்.

கோட்டை ஸ்ரேசன் வரைக்கும் ஓடினேன். ரயில் போய்விட்டது.

அடுத்த லீவில் போகலாம் என்று இருந்தேன். ஒன்றரை வருடம் கழித்துத்தான் ஸ்கந்தபுரம் போனேன். தாய் முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டு நின்றா. கொழும்பால் வந்த கையோடு அவன் வேலையை விட்டுக் காணிக்கு வந்துவிட்டானாம். முதல் வெள்ளாமை வெட்டுக்குள் புடையன் பாம்பு கடித்ததாம். ஆஸ்பத்திரிக்கு வண்டில் போய்ச் சேரமுந்தியே உயிர் போய்விட்டதாம்.

"கொழும்பால ஒரு மனவருத்தமுமில்லாமல்தான் வந்தவன், ராசா. உன்னைக் கண்டதெண்டு சொன்னவன். நல்லாக் கதைச்சனீயாம், தேத்தண்ணி வாங்கிக் குடுத்தனீயாம்."

ஓம் என்றேன்.

அந்தத் தாயும் செத்து எத்தனையோ வருடம். சண்டைக்குப் பிறகு ஒரு தரம் போய்ப் பார்த்தேன். காணியில் வேறு ஆட்கள். பெயரைச் சொல்லிக் கேட்டேன், அப்படி ஒருவரைத் தெரியாதென்றார்கள். மருதமரத்தைத் தறித்துவிட்டார்கள். கொழும்பில் அந்தக் கந்தோரையும் இடித்துவிட்டார்களாம். அந்தப் பியோனும் இல்லை. நடராசா என்று ஒருவன் இருந்தான் என்பதற்கு இப்போது மிச்சம் நான் ஒருவன்தான்.