டீட்டோவை விட்டுவிட்டுப் போன வீடு

செத்துப்போன ஒரு மனிதரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது, விட்டவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்ச் சில நாள்வரை எங்களுக்குத் தெரியாது.

அப்போது டென்மார்க்கில் பிராண்டே என்ற ஊரில் இருந்தோம். காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை. அவரோடு ஒரே பிரிவில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் இருந்தார். இரண்டு தெரு தள்ளி அவரும் அவருடைய அக்காவும் அக்காவின் மகளுமாகக் குடியிருந்தார்கள். மகள் என் வகுப்பு. அவள் அவரை டீட்டோ என்று கூப்பிடுவாள். அது பெயராக்கும் என்று நினைத்து நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர்கள் மொழியில் அதற்கு மாமா என்று அர்த்தமாம். தன்னைவிட எவ்வளவோ இளையவரை அப்பா வருடக்கணக்காக மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டீட்டோ ஒருநாளும் திருத்தவில்லை.

ஒரு வாரம் ஒருவர் காரிலும் மறுவாரம் மற்றவர் காரிலுமாக இருவரும் வேலைக்குப் போவார்கள். மதியச் சாப்பாடு மட்டும் எப்போதும் டீட்டோவுடையது. கோழியை வினாகிரிப் புளிப்பிலும் சோயா சோஸிலும் உள்ளிப்பூண்டு போட்டு அவிய வைத்து அவர் கொண்டுபோகும் அடோபோவை ஒரு பிடி பிடித்துவிட்டு, பின்னேரம் அம்மாவின் கறிக்கு முன்னால் உட்கார்ந்து பசியில்லை என்று சொல்லும் துணிச்சல் அப்பாவுக்கு இருந்தது. அந்தக் குற்றத்தை அம்மா டீட்டோவின் தலையில்தான் போட்டார். ஆனாலும் டீட்டோ வந்தால் குசினியில் இடியப்பம் அவியும். அவர் சொதியை ரசம் குடிப்பதுபோல் எடுத்துக் குடித்துவிட்டு இன்னும் கேட்பார்.

ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் சாய்ந்தவர் எழும்பவில்லை. இதயம் என்றார்கள்.

அடக்கத்தன்று தேவாலயத்துக்கு அப்பா போனார். அம்மா வீட்டில் நின்று, அப்பா பின்வாசலால் வந்து நேரே தோய்வதற்குத் துவாயும் மாற்றுடுப்பும் எடுத்து வைத்தார். செத்தவீட்டால் வருகிறவர் தோயாமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. டென்மார்க்குக் குளிரிலும் அந்தச் சட்டத்துக்கு விலக்கு இல்லை. அப்பா உள்ளே தோய்ந்துகொண்டிருக்கும்போதே முன்வாசல் மணி அடித்தது.

திறந்தால் மாமி. டீட்டோவின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவேன். பக்கத்தில் மகள். பின்னால் வேறு ஊர்களிலிருந்து வந்த உறவினர்கள். எல்லோரும் கறுப்பு உடுப்பில், சப்பாத்தில் சவக்காலை ஈரமண் ஒட்டியபடி, நேரே புதைகுழியிலிருந்து வந்து நின்றார்கள். அம்மாவின் முகம் போன போக்கை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். ஆனால் அழுது வீங்கிய கண்களோடு வாசலில் நிற்பவர்களைப் போய்த் தோய்ந்துவிட்டு வாருங்கள் என்று எப்படிச் சொல்வது? தேத்தண்ணி போட்டார்.

அவர்கள் தேத்தண்ணியைக் குடித்தார்கள். கொஞ்ச நேரம் இருந்தார்கள். எழும்பிப் போகும்போது மாமி மட்டும் திரும்பி வந்தார். சோபாவில் தான் இருந்ததற்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த இடத்தைக் கையால் மெல்லத் தட்டி, தன் மொழியில் ஏதோ சொன்னார். பிள்ளையை நித்திரையாக்கும்போது கதைக்கும் குரல் அது. பிறகு வாசலில் கோட்டை நன்றாக உதறிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

கார் மறைந்ததும் அம்மா வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அந்த வெறும் இடத்துக்குக் கொஞ்சம் கூடவே தெளித்தார்.

அடுத்த நாள் பள்ளியால் வந்து கதவைத் திறந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. மூன்றரைக்கே வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே வினாகிரி மணத்தது. வினாகிரி, உள்ளி, சோயா சோஸ். குசினி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அடுப்பைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. அம்மா வேலையால் வரும்வரை கோட்டைக் கழற்றாமல் வெளிப்படியிலேயே இருந்தேன்.

அதன்பிறகு அந்த மணம் அடிக்கடி வந்தது. சில நாள் அடுப்பு இளஞ்சூடாக இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு கதிரை வெளியே இழுபட்டுக் கிடந்தது. டீட்டோ வந்தால் இருக்கிற கதிரை. அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பக்கத்து வீட்டுச் சமையலாக இருக்கும் என்றார். எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர் உருளைக்கிழங்கைத் தவிர வேறெதையும் அவித்ததாக எங்களுக்குத் தெரியாது.

பள்ளி இடைவேளையில் மாமியின் மகளிடம் கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்பதுபோல் டேனிஷில் விளக்கினாள். அடக்கம் முடிந்து நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. போனால் செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவார். அதனால் வழியில் எங்காவது நின்று அவரை உதறிவிட்டுப் போகவேண்டும்.

"நாங்கள் உங்கட வீட்டில விட்டனாங்கள்" என்றாள்.

எங்கள் வீடு வழியில் இல்லை. என் குழந்தை மூளைக்கும் அது தெரிந்தது. அவர்கள் தங்கள் தெருவைத் தொடாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அன்று பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெட்டிய வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"பேயைக் கொண்டுவந்து எங்கட வீட்டிலயோ விட்டவை? தேத்தண்ணியும் போட்டுக் குடுத்தனே!"

அதோடு மாமி தொலைபேசியில் கூப்பிட்டால் அம்மா எடுப்பதில்லை. மாமி வாசலுக்கு வந்து மணி அடித்தபோதும் லைட்டை அணைத்துவிட்டு இருவரும் மூச்சு விடாமல் நின்றோம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவருடைய நிழல் நெடுநேரம் அசையாமல் நின்றது. உயிரோடு இருக்கும் மாமிக்கும் நான் பயந்தது அன்றுதான். அப்பாவிடம் முறையிட்டால் அவர் "ம்" என்றார். அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் அவர் "ம்" என்றுதான் சொன்னார்.

ஒருநாள் ஆசிரியைக்குச் சுகமில்லை என்று எங்களை வேளைக்கே விட்டுவிட்டார்கள். வெளியே காரில்லை. பின்வாசலால் உள்ளே போனேன். குசினிக்குள்ளிருந்து குரல் கேட்டது. பாதி ஆங்கிலமும் பாதி டேனிஷும் கலந்த அந்தக் கதை, டீட்டோவும் அப்பாவும் கதைக்கும் கதை. ஆனால் ஒரு குரல்தான் கேட்டது. ஒரு வசனம் சொல்லும். பதிலுக்குக் காத்திருக்கும். பிறகு சிரிக்கும்.

எட்டிப் பார்த்தேன். அடுப்புக்கு மேலிருந்த சின்ன லைட் மட்டும் எரிந்தது. டீட்டோவின் தொழிற்சாலை ஜாக்கெட் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தது. மேசையில் இரண்டு தட்டு.

நான் வைத்த கூச்சலில் அகப்பை நிலத்தில் விழுந்தது. திரும்பியது அப்பா.

அவரும் பயந்துபோனார். என்னைத் தூக்கிக் கதிரையில் இருத்தி, தண்ணி தந்து, ஜாக்கெட்டைக் கழற்றி ஒளிப்பதுபோல் மடித்தார். அதைத் தொழிற்சாலையில் டீட்டோவின் உடுப்புப் பெட்டியிலிருந்து அவர்தான் எடுத்து வந்திருந்தார். கொஞ்ச நாளாக அவர் வேலைக்குப் போகவில்லை. சுகமில்லை என்று அறிவித்துவிட்டு, காலையில் வழமைபோல் வெளிக்கிட்டு, விளையாட்டு மண்டபத்தடியில் காரை விட்டுவிட்டு, நாங்கள் போனதும் திரும்பி வருவாராம்.

"அங்க மத்தியானம் மணி அடிச்சா எங்க போய் இருக்கிறதெண்டு தெரியேல்லயடா" என்றார். என்னிடம் அல்ல, சட்டியிடம் சொல்வதுபோல். பிறகு, "எப்பிடிச் செய்தாலும் அவன்ர புளிப்பு வருதில்லை."

மணம் வந்த முதல் நாளும் நீங்கள்தானா சமைத்தீர்கள் என்று கேட்டேன். அப்பா யோசித்தார். "இல்லையே. அடக்கத்துக்கு அடுத்த நாள் நான் வேலையிலயெல்லோ நிண்டனான். அதுக்குப் பிறகுதான் வேலைக்குப் போகாம விட்டது." கிண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அந்த வெறுங்கதிரையைப் பார்த்தேன். எந்த நாள் என்பதை நான் மாறிச் சொல்கிறேன் என்று அம்மா பின்னர் முடிவு கட்டினார். நான் மாறிச் சொல்லவில்லை.

அம்மா வந்து எல்லாவற்றையும் கேட்டார். சட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். பிறகு கோட்டைக்கூடக் கழற்றாமல் இரண்டு தெரு நடந்து போய், மாமியோடு திரும்பி வந்தார்.

மாமி மேசையிலிருந்த இரண்டு தட்டையும் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு அடுப்படிக்குப் போய், அப்பாவின் கையிலிருந்த அகப்பையைப் பறித்தார். வினாகிரி விட்டதும் கிண்டக் கூடாது, அது தானாகக் கொதித்துப் பச்சைமணம் போகும்வரை விடவேண்டும் என்று சொல்லி அப்பாவை ஏசினார். டீட்டோவையும் இப்படித்தான் ஏசுவார்.

சட்டி கொதிக்கும் நேரத்தில் அம்மா கேட்டேவிட்டார். இருவருக்கும் சொந்தமில்லாத டேனிஷில், எவ்வளவு மெதுவாகக் கேட்க முடியுமோ அவ்வளவு மெதுவாக.

"ஏன் அவரை எங்கட வீட்டில கொண்டுவந்து விட்டனீங்கள்?"

மாமி சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கட ஆக்கள் வழியில ஒரு கடையிலதான் நிப்பினம். நானும் சுப்பர் மார்க்கெட்டில காரை நிப்பாட்டினனான். கதவைத் திறந்துபோட்டு மூடிட்டன். அங்க அவனுக்கு ஒருத்தரையும் தெரியாது."

அம்மா எழும்பிப் போய் அரிசி கழுவினார்.

அதற்கடுத்த கிழமை அப்பா வேலைக்குப் போகத் தொடங்கினார். பள்ளியால் வந்து கதவைத் திறந்து மூக்கை உறிஞ்சினேன். ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. கதிரைகள் எல்லாம் மேசையோடு ஒட்டியபடி இருந்தன. டீட்டோ போய்விட்டார் என்று எனக்கு விளங்கிவிட்டது. இவ்வளவு நாள் மாமியும் அதற்காகத்தானே காத்திருந்திருப்பார் என்று நினைத்து, புத்தகப் பையையும் எறிந்துவிட்டு அவருடைய வீட்டுக்கு ஓடினேன்.

மாமிதான் கதவைத் திறந்தார்.

"மாமி, இனிப் பயமில்லை. டீட்டோ எங்கட வீட்டை விட்டுப் போயிட்டார்."

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். "எப்ப?" என்றார். பிறகு, "எந்தப் பக்கம் போனவன்?"

அப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பதிலில்லாமல் நிற்க வெட்கமாக இருந்ததால், கை போன பக்கம் காட்டினேன். ரயில் பாதைக்கு அப்பால், வயல்வெளிப் பக்கம். மாமி வீட்டுச் செருப்போடு உறைபனி படிந்த பாதைக்கு இறங்கி வந்து, நான் காட்டிய திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே பனிமூட்டத்தைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியபோதுதான் அழுகிறார் என்று கண்டேன்.

நல்ல செய்தியைத்தானே கொண்டுபோய்ச் சொன்னேன். அதற்கு ஏன் ஒருவர் அழவேண்டும் என்று வீடுவரை யோசித்துக்கொண்டே நடந்தேன்.