அமீர்பேட்டில் லேப்டாப் விற்ற நாட்கள்

விற்கிற பொருளின் நல்ல குணங்களை மட்டும் மனப்பாடமாக ஒப்பிப்பதுதான் எங்கள் தொழில். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. லேப்டாப் புதுசாக வந்துகொண்டிருந்த காலத்தில் அமீர்பேட்டில் ஒரு கடையில் அதை விற்றேன்.

மடி

மௌலா அலியிலிருந்து ஒரு தஞ்சாவூர்க்காரர் வந்தார். மத்திய அரசு அதிகாரி. முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து நாற்காலியில் உட்கார முடியவில்லையாம், சாய்ந்தபடி வேலை செய்ய ஏதாவது வேண்டும் என்றார். ஆசையோடு மடியில் வைத்துப் பார்த்தார். நல்ல கனம், கொஞ்ச நேரத்தில் அடிப்பக்கம் சுட ஆரம்பித்தது. பேட்டரி இரண்டு மணி நேரம் நிற்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்தது. என்னைக் கோபித்துக்கொள்ளாமல் எழுந்தார்.

"மடியிலயும் வெக்க முடியல, பிளக்கையும் விட முடியல. பேரையாவது மாத்துங்க தம்பி."

பக்கத்து நாற்காலி

குகட்பள்ளியிலிருந்து முரளி, சாந்தி என்று ஒரு கரூர்த் தம்பதி. முரளி சாஃப்ட்வேரில் இருந்தார். சாந்தி குழந்தைக்காக வேலையை விட்டவர்; இதில் படித்து மறுபடி வேலைக்குப் போகலாம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்தக் காலத்துத் திரை நேர் எதிரே இருப்பவருக்கு மட்டுமே தெரியும். அதையும் ஒரு வசதியாகத்தான் சொல்வோம்: பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்க முடியாது. முரளிக்குப் பிடித்துவிட்டது. சாந்தி பக்கத்து நாற்காலியில் இருந்து சொன்னார்:

"எனக்கு இருட்டாத்தான் தெரியுது."

டெலிபோன் வயர்

மோடத்தைப் பற்றித்தான் அதிகம் பெருமை பேசுவேன். வீட்டு டெலிபோன் வயரை இதில் செருகினால் ஆபீஸே வீட்டுக்கு வந்துவிடும் என்பேன். முரளியிடமும் சொன்னேன்.

சில மாதம் கழித்து சாந்தி மட்டும் பையோடு வந்தார். ரிப்பேர் என்று நினைத்தேன். இல்லை. ஒரு நாள் காலை முரளி நெட்டில் ஆபீஸ் வேலையாக இருந்திருக்கிறார். கரூரில் சாந்தியின் அப்பாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் நேரம். மகளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சாந்தியின் தம்பி போன் போட்டுப் போட்டுப் பார்த்தும் லைன் எங்கேஜ்டாகவே இருந்திருக்கிறது. முரளி வயரைக் கழற்றி போனில் மாட்டியதும் மணி அடித்ததாம். அதற்குள் அப்பாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அவர் பிழைக்கவில்லை.

சாந்தி அழவில்லை, என்னைக் குறை சொல்லவும் இல்லை. கூட வேலை பார்த்த சலீம் பாய் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், சாந்தி தொடவில்லை. லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"நெட்ல இருக்கும்போது போன் வந்தா தெரியற மாதிரி இதுல ஒண்ணுமே இல்லையா சார்?"

நாங்கள் விற்ற எல்லாவற்றுக்கும் வாரண்டி கொடுத்தோம், ஆனால் அதில் சேராத பழுதுகளோடுதான் ஆட்கள் திரும்பி வந்தார்கள்.