கவுளி வாக்கு

எங்கள் தோட்டத்துக் கருப்பராயன் கோயிலில், கல்யாணமோ கிணறோ புது மெஷினோ, எதுவானாலும் கவுளியைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். பல்லியைத்தான் கவுளி என்போம். சாமிக்கு வலப்பக்கம் கத்தினால் சம்மதம். இடப்பக்கம் என்றால் வேண்டாம். சத்தமே இல்லையென்றால் அடுத்த திங்கட்கிழமை மறுபடி வர வேண்டும்.

நான் கட்டிக்கொள்ள நினைத்தவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எங்கள் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "கவுளி சொல்லட்டும் கண்ணு" என்றார். அதற்குக் கோபப்பட்டே இருக்கலாம்.

மூன்று திங்கட்கிழமை போனோம். அப்பா கண்ணை மூடிக் கைகூப்பி நிற்பார். நான் சுவரை முறைத்துக்கொண்டு நிற்பேன். பேருக்குக்கூட ஒரு கவுளி இல்லை. எப்படி இருக்கும்? போன வருடம்தான் அப்பா தன் செலவில் கோயிலுக்கு டைல்ஸ் ஒட்டி, சந்து பொந்தையெல்லாம் சிமெண்ட் பூசி அடைத்து, பளபளவென்று பெயிண்டும் அடித்துக் கொடுத்திருந்தார். குடியிருந்தவற்றை விரட்டிவிட்டு வாக்குக் கேட்டால் யார் சொல்வது? இதற்குள் தூத்துக்குடியில் மாஸ்டர் வீட்டில் வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

நான்காவது திங்கள், கவுளிச் சத்தம் ஒன்றைக் கைபேசியில் தேடி எடுத்து, கைபேசியைப் பூஜைக் கூடைக்குள் ஒளித்து, கூடையைச் சாமிக்கு வலப்பக்கம் வைத்தேன். அப்பா கண்ணை மூடியதும் அமுக்கினேன்.

"உங்க வீட்ல பல்லித் தொல்லையா?" என்று ஒரு பெண் உரக்கக் கேட்டாள். "ஒரே ஸ்பிரே போதும்!"

விளம்பரம்! பதறிப்போய்க் கூடைக்குள் கையை விட்டால் தேங்காய்தான் அகப்படுகிறது. பூசாரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் பேசி முடித்த பிறகு, ரொம்பச் சாவகாசமாகக் கவுளி கத்தியது.

அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. "ஏனுங்க, வலப்பக்கந்தானுங்களே?" என்று பூசாரியைக் கேட்டார்.

"வலப்பக்கமேதானுங்க" என்றார் பூசாரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"சொந்தக்காரங்க கேட்டா நீங்கதானுங்க சாட்சி."

காரில் திரும்பினோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அப்பா தன் கைபேசியை என் மடியில் போட்டார். திரையில் 'பல்லி சத்தம்' என்று இருந்தது.

"மூணு வாரமா நானும் தேடி வெச்சிருக்கறேன் கண்ணு. அந்த விளம்பரம் வருதேன்னுதான் அமுக்கல."