அடுப்புப் பெட்டியில் இருந்த வரி

விருத்தாசலத்தில் செய்கிற பீங்கான் பொம்மைகளை அப்பாவும் சித்தப்பாவும் வேனில் ஏற்றி ஊர் ஊராகப் போய் விற்பார்கள். சமையல், படுக்கை எல்லாம் வேனுக்குள்தான். அதற்காகச் சின்ன சிலிண்டர் மேலேயே பர்னர் வைத்த அடுப்பை நான்தான் கடையில் தேர்ந்தெடுத்தேன்.

"பெட்டியில இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்குது, படிச்சுச் சொல்லுடா," என்றார் அப்பா.

"காலேஜ் புள்ள வாங்குற அடுப்பு, தானாவே சோறாக்கிடும்," என்று சித்தப்பா சிரித்தார்.

சிவப்பு எழுத்து வரியில் 'வென்டிலேட்டட்' என்ற சொல் எனக்குப் புரியவில்லை. கடைக்காரர் முன்னால் அதைச் சொல்ல வெட்கம். "ஜாக்கிரதையா பத்த வைக்கணுமாம், அவ்ளோதான்," என்றேன்.

வேப்பூர் பக்கம் ஒரு மத்தியானம் விடாத மழை. கதவு, கண்ணாடி எல்லாம் அடைத்துச் சமைத்தவர்கள், குளிருக்காக அடுப்பை அணைக்காமலே படுத்திருக்கிறார்கள். கதவோரம் படுத்த அப்பா பிழைத்தார். சித்தப்பா எழவே இல்லை. மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிந்தால் விஷக்காற்று சேரும் என்று டாக்டர் சொன்னார். காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும் எரிக்கவும் என்பதுதான் அந்தச் சிவப்பு வரி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை.

"நாங்கல்லாம் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுவோம். ஒனக்கு ஏன்டா அது வரல?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது எந்தக் காகிதம் வந்தாலும் பக்கத்துத் தெரு டீச்சரிடம் கொண்டுபோகிறார். அதுதான் சரி என்று எனக்கும் படுகிறது.