மாப்பிள்ளை ஆடிய போக்கர்

என் தங்கை புருஷனுக்குப் போக்கர் ஆடத் தெரியாது. பொறாமையில் சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் எதிரில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்.

கோவில்பத்தில் குடியிருந்து, காரைக்காலில் ஓர் அலுவலகத்துக்கு பைக்கில் போய்வருகிறவர். நிரந்தர வேலை. போனில் எதையோ பார்த்துப் போக்கர் கற்றுக்கொண்டார். ஞாயிறு மதியம் அம்பகரத்தூரில் எங்கள் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டு ஏப்பம் விட்டதும், அப்பா, சித்தப்பா, நான் மூவரையும் கூடத்துப் பாயில் உட்காரவைத்துப் பாடம் எடுப்பார். வீட்டுக்குள்ளேயே கூலிங் கிளாஸ் வேறு. ஆட்டக்காரன் கண்ணை எதிராளி படித்துவிடக் கூடாதாம். சித்தப்பாவுக்கோ கண்ணில் புரை. சீட்டையே மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துத்தான் பார்ப்பார். இவர் கண்ணை எங்கே படிக்கப்போகிறார்?

ஆட்டம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு, மறைவாக. நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள். இந்த ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. ஒரு ஜோடி சின்னது. ஒரே எண்ணில் மூன்று வந்தால் அதைவிடப் பெரியது. அடுத்தடுத்த எண்ணாக ஐந்து வந்தால் இன்னும் பெரியது, ஐந்தும் இஸ்பேட் என்பதுபோல ஒரே வகையானால் அதற்கும் மேல். இடையிடையே பந்தயத்தை ஏற்றலாம். எங்கள் பந்தயம் புளியங்கொட்டை. ஏற்றியதற்கு ஈடாக வைக்க விருப்பமில்லாதவன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும். எல்லோரும் விலகிவிட்டால், மிஞ்சியவன் தன் சீட்டைக் காட்டாமலே குவியலை அள்ளிக்கொள்ளலாம். கையில் ஒன்றுமில்லாதவனும் மிரட்டியே ஜெயிக்கலாம் என்பதுதான் இதன் சூட்சுமம்.

இவ்வளவு விளக்கியவருக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. எங்கள் வீட்டில் மாப்பிள்ளையை யாரும் தோற்கடிக்க மாட்டோம். முதல் ஞாயிறே அவர் தன் புளியங்கொட்டை மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். மூன்று ராஜா சேர்ந்திருந்தும் அப்பா கவிழ்த்தார். சித்தப்பாவும் கவிழ்த்தார். ஈடுவைக்கப் போன என் தொடையை அப்பா கிள்ளினார். பந்தியில் நல்ல கறித்துண்டு யார் இலைக்குப் போகுமோ, புளியங்கொட்டையும் அவருக்கே போயிற்று. அதன் பிறகு யாரும் என்னைக் கிள்ள வேண்டியிருக்கவில்லை.

அவர் அதைத் திறமை என்று நம்பினார். எங்கள் முகத்திலேயே எல்லாம் எழுதியிருக்கிறது என்பார். அப்பா முகத்தில் எழுதியிருந்தது சாப்பாட்டுத் தூக்கம். அதைப் படிக்கத் தெரியாத மேதை இவர்.

போன ஆனியில் ஒரு ஞாயிறு, எங்களை வழக்கம்போல மிரட்டிக் குவியலை அள்ளியபின், சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினார். ராஜினாமா கடிதம். நாளைக்குக் கொடுத்துவிட்டு கோவாவில் சூதாட்ட விடுதிகளுக்குப் போகிறாராம். இனிமேல் போக்கர்தான் தொழிலாம். மகளை அந்த மாதம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். அப்பா விட்டத்தைப் பார்த்தார்.

தங்கை அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். ஆட்டம் முடிந்ததும் சீட்டைப் பொறுக்கி அடுக்குவது எப்போதும் அவள் வேலை.

"வாராவாரம் இவங்க கவுத்த சீட்ட நான்தாங்க எடுக்குறேன். நல்ல சீட்டெல்லாம் அதுலதான் கெடக்கு. ஒங்கள ஜெயிக்க விடுறாங்க. அந்த லெட்டர கொடுத்துடாதீங்க."

அவர் கூலிங் கிளாஸைக் கழற்றினார். உள்ளே இருந்தது பயந்த கண். அப்படியா மாமா என்று அப்பாவிடம் கேட்டார்.

"சேச்சே, அதெல்லாம் இல்லீங்க மாப்பிள்ள. நீங்க தெறமையாத்தான் ஆடுறீங்க."

சித்தப்பா தலையாட்டினார். பிறகு மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க மச்சான்."

நான் கவிழ்த்த இரண்டு சீட்டும் என் முழங்காலுக்கு முன்னால் கிடந்தன. இரண்டும் ஒன்பது. நடுவில் மூன்றாவது ஒன்பது திறந்தே கிடந்தது. என் சீட்டைத் திருப்பிப் போட்டால் போதும். தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷனை இவ்வளவு கேவலமாக நினைத்தவன், வாய் கூசாமல், "நல்லாத்தான் ஆடுறீங்க மாப்பிள்ள" என்றேன்.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். தங்கை குனிந்து சீட்டுகளைப் பொறுக்கினாள். என்னுடையதை எடுத்தபோது ஒரு நொடி பார்த்தாள். யாரிடமும் காட்டவில்லை. கட்டோடு சேர்த்துவிட்டாள்.

சாயங்காலம் அவர் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மூணு ஒம்போது வச்சிருந்தியேண்ணே" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் கடிதத்தைக் கொடுத்துவிட்டார்.